உலகக் கோப்பை யார் காசில்?

2022 டிசம்பர் 18, ஞாயிறு இரவு. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரில் அர்ஜென்டினா - பிரான்ஸ் இறுதிப்போட்டி பார்த்தோம். 3-3, பிறகு பெனால்டி. மெஸ்ஸி கோப்பையை முத்தமிட்டபோது தெருவே ஆடியது. எங்களோடு உட்கார்ந்திருந்த ஓர் அண்ணன் மட்டும் ஆடவில்லை. கத்தாரில் ஐந்து வருஷம் கம்பி கட்டும் வேலை பார்த்துத் திரும்பியவர் அவர். "மதியானத்துல அந்தக் கம்பிய வெறுங்கையால தொட முடியாதுடா" என்றார். எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் போன பிறகு பிளஸ் டூ படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "நம்ம ஊர்ல எப்பண்ணா உலகக் கோப்பை நடத்துவாங்க?"

அன்றைக்கு நாங்கள் சிரித்துக்கொண்டே கடந்துவிட்டோம். இப்போது அப்படிக் கடக்க முடியவில்லை. 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு என்று 2025 நவம்பரில் முடிவாகிவிட்டது. 2036 ஒலிம்பிக்கும் வேண்டும் என்கிறார்கள். நம் பிள்ளைகளும், "சென்னைக்கு ஏன் வரக் கூடாது? பூந்தமல்லி தாண்டினால் எவ்வளவு இடம் கிடக்கிறது!" என்று பேசுகிறார்கள். அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாங்கள் கால்பந்துக்கு எதிரிகள் அல்ல. வியாசர்பாடியில் இருந்து ஆவடி வரை சேரிப் பிள்ளைகளின் ஆட்டம் இதுதான். மட்டையும் பேடும் வாங்கக் காசில்லாத தெருவில் ஒரு பந்து இருந்தால் இருபது பேர் ஆடலாம். நாங்களும் ஏப்ரல் 14க்கு வருஷா வருஷம் செவன்ஸ் போட்டி நடத்துகிறோம். போட்டி நடத்துவது என்றால் என்ன என்று எங்களுக்குக் கொஞ்சம் தெரியும். சுண்ணாம்புத் தூள், கடன் வாங்கிய வலை, தண்ணீர் கேன், மைக் செட். எல்லாம் முடிந்ததும் ராத்திரி தெருவில் உட்கார்ந்து, வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று நோட்டைப் பார்த்து உரக்கப் படிப்போம். ஐம்பது ரூபாய் இடித்தாலும் கிழவிகள் விடமாட்டார்கள்.

பெரிய போட்டிகளின் நோட்டை யார் படிக்கிறார்கள்?

தில்லியில் 2010இல் காமன்வெல்த் போட்டி நடந்தது. அதில் சுரேஷ் கல்மாடி பெயர் அடிபட்ட ஊழலைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். நம்மைத் தொட்ட கணக்கு வேறு. பட்டியல் சாதி மக்களுக்கென்றே ஒதுக்கப்படும் துணைத்திட்ட நிதியில் இருந்து 744 கோடி ரூபாய் அந்தப் போட்டிக்கான செலவுகளுக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தது. வீட்டுவசதி மற்றும் நில உரிமைக்கான அமைப்பு ஒன்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு இதை வெளியே கொண்டுவந்தது. தலித் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில் அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம், நிதி திருப்பப்பட்டதை மாநிலங்களவையில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

படிப்பு உதவித்தொகைக்கும், விடுதிக்கும், வீட்டுக்கும் போயிருக்க வேண்டிய பணம் அது. எந்தத் தலித் மாணவியும், "என் உதவித்தொகையை எடுத்து ஸ்டேடியம் கட்டுங்கள்" என்று எழுதிக் கொடுக்கவில்லை. இதில் பெட்டியை உடைத்துத் திருடும் வேலையே இல்லை என்பதுதான் இன்னும் மோசம். சாலை போடுகிறோம், பாலம் கட்டுகிறோம், விளக்கு வைக்கிறோம், இதையெல்லாம் பட்டியல் சாதியினரும் பயன்படுத்துவார்கள் அல்லவா, ஆகவே செலவில் ஒரு பங்கை அவர்கள் கணக்கில் எழுது! பேனா போதும். 1979இல் சிறப்பு உட்கூறுத் திட்டம் என்று தொடங்கிய நாளில் இருந்து, நமக்கான நிதியின் பெரும் பகுதி இப்படித்தான் காகிதத்தில் வந்து காகிதத்திலேயே போகிறது. பெரிய போட்டி வந்தால் அவசரம் வரும். அவசரம் வந்தால் கேள்வி கேட்பவன் தேசத் துரோகி ஆவான். பேனாவுக்கு அதைவிட வசதியான காலம் கிடையாது.

தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்புப்படி நாம் 20.01 விழுக்காடு. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்க, ஆதிதிராவிடர் - பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென 2024இல் சட்டமும் வந்திருக்கிறது. பல ஆண்டுகள் கேட்டு வாங்கிய சட்டம். ஒரு ஸ்டேடியத்தின் வாசலில் அது தோற்றுப்போக விடக் கூடாது.

அடுத்தது நிலம். பூந்தமல்லி, திருமழிசைப் பக்கம் கூடப்பாக்கத்தில் வாரியக் குடியிருப்புகள் இருக்கின்றன. நகரத்துக்குள் பல தலைமுறையாக இருந்தவர்களைக் கூவம் சீரமைப்பு என்றும் வெள்ளம் என்றும் சொல்லித் தூக்கி எறிந்த இடங்களில் அதுவும் ஒன்று. பெரும்பாக்கத்துக்கும் நாவலூருக்கும் போனவர்கள் இன்னும் அதிகம். வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம், பாதி வகுப்பில் பள்ளி மாறிய பிள்ளைகள் ஒரு பக்கம். ஆறு அழகாக வேண்டும் என்பதற்கே இவ்வளவு என்றால், உலகமே கேமராவோடு வரும்போது என்ன செய்வார்கள்? தென்னாப்பிரிக்காவில் 2010 உலகக் கோப்பைக்கு முன்பு கேப்டவுன் நகரத்து ஏழைகள் பலர் ஊருக்கு வெளியே 'பிளிக்கிஸ்டார்ப்' என்ற தகரக் கொட்டகை முகாமில் கொண்டுபோய் விடப்பட்டார்கள். தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். போட்டி முடிந்து பல ஆண்டுகள் ஆகியும் ஜனங்கள் அங்கேயே இருந்தார்கள். தற்காலிகம் என்ற சொல்லை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அகமதாபாத்திலேயே 2020 பிப்ரவரியில் மொட்டேரா ஸ்டேடியத்துக்கு டிரம்ப் வந்தபோது, வழியில் இருந்த குடிசைப் பகுதி கண்ணில் படாதபடி சுவர் எழுப்பினார்கள். உத்தபுரத்துச் சுவரைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல. அங்கே சாதி வெளிப்படையாகக் கட்டியதை, இங்கே நகராட்சி 'அழகுபடுத்தல்' என்று கட்டியது.

2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் ஆறு நகரங்களில் நடந்தது. தமிழ்நாட்டுக்கு ஓர் ஆட்டமும் இல்லை. நமக்கெல்லாம் வருத்தம்தான். ஆனால் கொச்சியில், மைதானத்தை ஒட்டிக் கடை வைத்திருந்தவர்கள் காலி செய்யச் சொல்லப்பட்டு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் அந்தப் போட்டியை நினைக்கிறோம். ஃபிஃபா எங்கே போனாலும் வாசலைத் தன் விளம்பரதாரர்களுக்குக் கொடுத்துவிடும். சுண்டல் வண்டிக்கு அங்கே இடம் கிடையாது. டிவி உரிமையும் விளம்பரப் பணமும் அவர்களுக்கு, ஸ்டேடியச் செலவு நமக்கு, வரிவிலக்கு திரும்ப அவர்களுக்கு. 2019 முதல் 2022 வரையிலான நான்கு ஆண்டுகளில் ஃபிஃபாவுக்கு வந்த வருமானம் சுமார் 750 கோடி டாலர்.

அந்த 750 கோடியின் அடியில் யார் இருந்தார்கள்? 2010இல் உலகக் கோப்பை கத்தாருக்கு என்று முடிவானதில் இருந்து பத்து ஆண்டுகளில் இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கையைச் சேர்ந்த 6,500க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அங்கே இறந்ததாக 'கார்டியன்' பத்திரிகை 2021இல் எழுதியது. இந்தியர்கள் மட்டும் 2,711. இது எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த சாவு, ஸ்டேடியத்தில் மட்டும் செத்தவர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதில் பெரும்பாலானவை 'இயற்கை மரணம்' என்று எழுதி மூடப்பட்டவை. உழைக்கப் போன இளைஞர்கள் இத்தனை பேருக்கு இயற்கை ஏன் அங்கே மட்டும் இவ்வளவு கோபமாக இருந்தது என்று அந்த அண்ணனைக் கேட்டால் சொல்வார்.

அதே போட்டியில் ஜப்பான் ரசிகர்கள் ஆட்டம் முடிந்து கேலரியில் குப்பை பொறுக்கிய வீடியோவை நம் ஊர் ஆட்கள் எல்லோரும் பகிர்ந்தார்கள். என்ன பண்பாடு, என்ன ஒழுக்கம்! சந்தோஷம். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்து, நள்ளிரவில் கைது செய்யப்பட்டபோது அதே ஆட்கள் எதைப் பகிர்ந்தார்கள்? ஒருநாள் விரும்பிப் பொறுக்கினால் பண்பாடு. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்க வைக்கப்பட்டால் அது சாதி. இங்கே உலகக் கோப்பை நடந்தால் கேலரியையும் கழிவறையையும் எந்தத் தெருவில் இருந்து வந்து யார் சுத்தம் செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒப்பந்தக்காரர் பெயர்தான் இன்னும் தெரியாது.

"அண்ணா, நம்ம பிள்ளைங்க அந்த மைதானத்துல ஆடுவாங்களே, அது பெருமை இல்லையா?" என்று அந்தத் தம்பி இப்போதும் கேட்கிறான். நியாயமான கேள்வி. பதில் 2022 அக்டோபரில் இருக்கிறது. 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. புவனேஸ்வரில் அமெரிக்காவுக்கு எதிராக நம் அணியைக் கூட்டி வந்த கேப்டன் அஸ்தம் ஓரான். ஜார்க்கண்ட் மாநிலம் கும்லா மாவட்டத்து ஆதிவாசிப் பெண். அவர் கேப்டன் ஆனதும் அரசுக்கு அவர் வீடு நினைவுக்கு வந்து, அதுவரை இல்லாத சாலையைப் போடத் தொடங்கியது. அந்தச் சாலையில் 250 ரூபாய் தினக்கூலிக்கு மண் சுமந்தவர்கள் அவருடைய அப்பாவும் அம்மாவும். மகள் உலகக் கோப்பையில், பெற்றோர் சித்தாள் வேலையில். பெருமை யாருக்கு, கூலி யாருக்கு என்று இதைவிடத் தெளிவாக எங்களால் எழுத முடியாது.

அப்படியானால் போட்டியே வேண்டாமா? நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. பிரேசிலில் 2014க்கு முன்பு சால்வடோர் நகரத்துக் கறுப்பினப் பெண்கள் ஒரு வேலை செய்தார்கள். காராமணி மாவில் சுடும் அக்கராஜே என்ற வடையை ஸ்டேடியத்தில் விற்றுப் பிழைத்தவர்கள் அவர்கள். ஃபிஃபா விதியால் வெளியே தள்ளப்படுவோம் என்று தெரிந்ததும் கூட்டம் போட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள், கடைசியில் உள்ளே விற்கும் உரிமையை வாங்கினார்கள். பந்து உருள்வதற்கு முன்பே வாங்கினார்கள். உருண்ட பிறகு கேட்டிருந்தால் யாரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள்.

நாமும் முன்பே கேட்க வேண்டும். துணைத்திட்ட நிதியில் ஒரு ரூபாயும் விளையாட்டு விழாவுக்குப் போகாது என்று எழுத்தில் வேண்டும். ஒரு குடும்பமும் போட்டியின் பெயரால் இடம் மாற்றப்படாது என்பது வேண்டும். சுத்தம் செய்பவர்களுக்கு நிரந்தர வேலைக்குரிய ஊதியமும் கருவியும் வேண்டும். சேரி மைதானங்கள் வேண்டும், வேலி போட்டுப் பூட்டியவை அல்ல, திறந்தவை.

உலகக் கோப்பை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் ஆதிதிராவிடர் நலத்துறைக்கும் ஆளுக்கொரு தகவல் உரிமை மனு. கடந்த ஐந்து ஆண்டுகளில் விளையாட்டுச் செலவு எதுவும் துணைத்திட்டக் கணக்கில் காட்டப்பட்டதா, திருவள்ளூர் மாவட்டத்தில் ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் எத்தனை விளையாட்டு மைதானங்கள், எத்தனை ரூபாய்? பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும். மாதிரி மனு எங்களிடம் இருக்கிறது. ஞாயிறு காலை ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறோம். பேனா எடுத்துக்கொண்டு வாருங்கள், எங்களிடம் இருப்பது இரண்டுதான்.