டர்போ காருக்கு ஆயில் கேட்ச் கேன்... அவசியமா, அலங்காரமா?

கார் ரீல்ஸ் பார்ப்பவரா நீங்கள்? பானெட்டுக்குள் பளபளவென ஒரு அலுமினிய டப்பா கண்ணில் பட்டிருக்கும். அதுதான் ஆயில் கேட்ச் கேன். 'பவர் ஏறும், மைலேஜ் கூடும்' என்று நம்பி வாங்கிடாதீங்க. அதன் வேலையே வேறு.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு சின்ன டீசல் கார்கள் குறைந்து, டர்போ பெட்ரோல் கார்கள் பெருகின. சிக்கல் இங்கேதான். பிஸ்டனைத் தாண்டிக் கசியும் வாயு, ஆயில் ஆவியோடு பிசிவி வால்வு வழியாக மறுபடி இன்டேக்குக்கே போகும். போர்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் பெட்ரோல் தெளிக்கும்போதே இன்டேக் வால்வையும் கழுவிவிடும். வென்யூ 1.0 டர்போ, டைகுன் 1.0 போன்ற டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார்களில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது. கழுவ ஆளில்லை, வால்வில் கரி படியும். அந்த ஆயிலை வழியிலேயே பிடிப்பதுதான் இந்த டப்பா. போர்ட் இன்ஜெக்‌ஷன் காருக்கு இது பெரும்பாலும் வெட்டிச் செலவு.

வாங்கும்போது உள்ளே தடுப்புத் தகடு இருக்கான்னு பாருங்க. வெறும் டப்பாவில் ஆயில் சரியாகப் பிரியாது. வாயுவை வெளியே விடும் மாடல் வேண்டாம். அது காற்றைக் கெடுக்கும். பிசிவிக்கும் இன்டேக்குக்கும் நடுவில், டர்போ சூட்டிலிருந்து தள்ளி, ஆட்டமில்லாமல் பொருத்த வேண்டும். ஹோஸ், ஆயில் தாங்கும் ரகமாக இருக்கட்டும். வாரன்ட்டி உள்ள கார் என்றால், சர்வீஸ் சென்டரில் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

மாட்டிட்டு மறந்தால்தான் ஆபத்து. நிரம்பினால், சேர்ந்த ஆயில் இன்டேக்குக்குள் போய்விடும். அடைத்துக்கொண்டால் பிரஷர் ஏறி ஆயில் சீல் கசியும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். அதற்குப் பொறுமை இல்லையா? நல்ல ஆயிலை நேரத்துக்கு மாத்துங்க பாஸ், அது போதும்!