பெற்றோர் பள்ளிக்கு வரத்தான் வேண்டுமா?

பெற்றோர் கூட்டத்திற்கு அழைத்து உங்கள் பள்ளியில் ஒரு சீட்டுக் கொடுக்கிறார்கள். அது வீடு போய்ச் சேருகிறதா, புத்தகப் பையின் அடியிலேயே தங்கிவிடுகிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும்! "மதிப்பெண்தான் அட்டையில் இருக்கிறதே, பெற்றோர் வேறு எதற்கு வரவேண்டும்?" என்று நீங்கள் கேட்கக்கூடும். வரத்தான் வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கான காரணத்தை இயற்பியலிலிருந்தே சொல்கிறேன்.

கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். முதலில் இடக்கண்ணால் மட்டும் பாருங்கள். பிறகு வலக்கண்ணால் மட்டும் பாருங்கள். பின்னாலுள்ள சுவரில் விரல் இடம் மாறுவதுபோல் தோன்றுகிறதல்லவா? இதுதான் இடமாறு தோற்றம். 1672ஆம் ஆண்டில் காசினி பாரிசிலிருந்தும், ரிஷே தென் அமெரிக்காவிலுள்ள கயேனிலிருந்தும் செவ்வாய்க் கோளை நோக்கினார்கள். இருவர் குறிப்புகளையும் ஒப்பிட்டபோது செவ்வாயின் தொலைவு கிடைத்தது. அதைக் கொண்டு சூரியனின் தொலைவு ஏறத்தாழ 14 கோடி கிலோமீட்டர் என்று கணக்கிட்டார்கள். இன்று நாம் அறிந்த அளவு ஏறத்தாழ 15 கோடி. அந்தக் குறிப்புகள் ஒன்றுசேராமல் தனித்தனியே கிடந்திருந்தால் இந்த விடை பிறந்திருக்காது.

உங்களையும் இரண்டு இடங்களிலிருந்து பார்க்கிறார்கள். வீட்டில் பெற்றோர், வகுப்பில் ஆசிரியர். ஒரு மாணவி வீட்டில் நன்றாகப் படிக்கிறாள். வகுப்பிலோ கணக்கைத் தப்பும் தவறுமாக எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் அவளைக் கவனக்குறைவானவள் என்று எண்ணுவார். பெற்றோருக்கோ ஒன்றும் புரியாது. இருவரும் உட்கார்ந்து பேசினால், கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டுமே பிழை வருவது தெரிந்துவிடும். அது கிட்டப்பார்வையாக இருக்கலாம். தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்பாகவே விழுந்துவிடுவதால் வரும் குறை அது. கண் மருத்துவரிடம் காட்டித் தக்க குழிலென்ஸ் கண்ணாடி அணிந்தால் தீரும். மதிப்பெண் அட்டை இதைச் சொல்லுமா? 'கணக்கு 38' என்று மட்டுமே சொல்லும்.

"கூட்டம் என்றாலே புகார்தானே!" என்று அஞ்சுகிறீர்களா? பிழையை மட்டும் படித்துக் காட்டி அனுப்பும் கூட்டத்தால் பயனில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆகவே நீங்களும் உடனிருந்து, எந்தப் பாடம் ஏன் கடினமாக இருக்கிறது என்பதை நீங்களே சொல்லுங்கள்.

பள்ளிகளும் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். வேலை நாளில் காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்தால், கூலிவேலை செய்யும் பெற்றோர் அன்றைய கூலியை இழந்துதான் வரவேண்டும். வராதவரை அக்கறையற்றவர் என்பது நியாயமாகாது. மாலையிலோ விடுமுறை நாளிலோ கூட்டம் வைக்கலாமே!

"நான் படிக்காதவள், அங்கே வந்து என்ன பேசுவேன்?" என்று தயங்கும் தாய்மார்களும் உண்டு. உங்களைப் பிறந்த நாள் முதல் பார்த்துவருபவர் சொல்வதைவிட ஆசிரியருக்கு உதவும் குறிப்பு வேறென்ன? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம்கூட, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினராவது பெற்றோராக இருக்கவேண்டும், குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்கிறது. அவர்கள் படித்திருக்கவேண்டும் என்று அது கேட்கவில்லை.

எனவே அடுத்த சீட்டை அன்றிரவே வீட்டில் கொடுங்கள். குறித்த நேரம் பெற்றோருக்கு ஒத்துவராவிட்டால், எந்த நேரம் முடியும் என்று கேட்டுச் சீட்டின் பின்புறம் எழுதி ஆசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.