உறங்கவிடாத கையை அலட்சியம் செய்யலாமா?

நள்ளிரவில் கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது. எழுந்து உட்கார்ந்து கையை உதறுகிறார். சிறிது நேரம் தொங்கவிடுகிறார். மதமதப்பு அடங்கியதும் மீண்டும் படுக்கிறார். காலையில் வீட்டாரிடம் சொன்னால், "கையை மடித்து வைத்துப் படுத்திருப்பாய்" என்று பதில் கிடைக்கிறது. அதன்பின் அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில் பலர், குறிப்பாக நடுத்தர வயதுப் பெண்கள், இப்படி மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்ட பிறகே வருகின்றனர். எளிதில் தீரக்கூடிய ஒரு தொல்லையை நிரந்தர இழப்பாக மாற்றுவது இந்தத் தாமதமே என்பது எங்கள் கருத்து.

இதற்குக் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்று பெயர். மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கத்தில் குறுகிய பாதை ஒன்று உள்ளது. சிறு எலும்புகள் அதன் தரையும் சுவருமாக அமைய, உறுதியான பட்டை ஒன்று கூரையாக அமைந்துள்ளது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் என்னும் நரம்பும் இப்பாதை வழியாகவே உள்ளங்கைக்குச் செல்கின்றன. தசைநாண்களின் உறை தடித்தாலோ உடலில் நீர் கோத்தாலோ இடம் போதாமல் போகிறது. எலும்பும் பட்டையும் விரிந்து கொடுப்பதில்லை. இடையில் உள்ள மென்மையான நரம்பே நசுங்குகிறது. உறக்கத்தில் நம்மை அறியாமல் மணிக்கட்டு மடங்கும்போது இந்த அழுத்தம் மிகுவதால், இரவில் தொல்லை கூடுகிறது.

அறிகுறிகளை நீங்களே கவனிக்கலாம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகிய இடங்களில் மதமதப்பும் எரிச்சலும் இருக்கும்; சுண்டுவிரல் பெரும்பாலும் தப்பிவிடும். இருசக்கர வாகனத்தின் கைப்பிடியையோ கைப்பேசியையோ நெடுநேரம் பிடித்திருந்தால் விரல்கள் மரத்துப்போகும். ஆனால், திடீரென ஒரு பக்கக் கை செயலிழந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

மருத்துவர்களாகிய எங்கள் பக்கமும் குறை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். "நரம்புத் தளர்ச்சி" என்று ஒரு சொல்லைச் சொல்லி, சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. வைட்டமின் பி12 குறைபாட்டாலும் மதமதப்பு வரும் என்பது உண்மையே. ஆனால், மணிக்கட்டில் நசுங்கிக் கிடக்கும் நரம்பை எந்த மாத்திரையும் விடுவிக்காது. கையைத் தொட்டுச் சோதித்தல், தேவையெனில் நரம்புக் கடத்தல் பரிசோதனை, நீரிழிவுக்கும் தைராய்டு குறைபாட்டுக்குமான இரத்தப் பரிசோதனை ஆகியவற்றுக்குப் பிறகே சிகிச்சையை முடிவு செய்ய வேண்டும். ஏனெனில், இவ்விரு நோய்களும் முடக்குவாதமும் உடற்பருமனும் இத்தொல்லைக்கு வழிவகுக்கின்றன.

தொடக்க நிலையில் சிகிச்சை மிக எளியது. மணிக்கட்டை மடங்காமல் நேராக வைத்திருக்கும் தாங்கியை இரவில் 6 வாரமாவது அணிந்து உறங்குவதே முதல் படி. கருவுற்ற காலத்தில் வரும் தொல்லை பெரும்பாலும் மகப்பேற்றுக்குப் பின் தானே அடங்கும் என்பதால், அவர்களில் பலருக்கு இதுவே போதுமானது. இதில் குறையாவிட்டால் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போடுவோம். அது நல்ல நிவாரணம் தரும். எனினும் சிலருக்கு மாதங்கள் கழித்துத் தொல்லை திரும்பக்கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை அளவு ஏறலாம் என்பதால், அதை முன்கூட்டியே எங்களிடம் தெரிவியுங்கள்.

அறுவை சிகிச்சை என்றதும் "நரம்பை வெட்டிவிடுவார்களோ?" என்று பலர் அஞ்சுகின்றனர். நாங்கள் பிரிப்பது நரம்புக்கு மேலே கூரையாக உள்ள பட்டையை மட்டுமே. கையை மட்டும் மரத்துப்போகச் செய்து, பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். அன்றே வீடு திரும்பலாம். 10 முதல் 14 நாள்களில் தையல் பிரிக்கப்படும். உள்ளங்கையில் வலி சில வாரம், சிலருக்குச் சில மாதம் நீடிக்கலாம். எந்த அறுவையையும் போலவே இதிலும் சிறிதளவு அபாயம் உண்டு. அதைக் கேட்டறிவது உங்கள் உரிமை.

ஆனால், தாமதத்தின் அபாயம் இதைவிடப் பெரிது. நெடுங்காலம் நசுங்கிய நரம்பு உணர்வை இழக்கிறது. கட்டைவிரலின் அடியில் உள்ள சதைமேடு மெலிந்து குழிகிறது. சட்டைப் பொத்தான் போடவும், பூத்தொடுக்கவும், தரையில் விழுந்த நாணயத்தை எடுக்கவும் இயலாமல் போகிறது. அந்நிலையில் அறுவை செய்தாலும் எரிச்சல் அடங்கலாம். மெலிந்த தசை முழுமையாகத் திரும்பும் என்று எங்களால் உறுதி கூற முடிவதில்லை.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். "கையை நனைக்காதீர்கள், பளு தூக்காதீர்கள்" என்று நாங்கள் எழுதித் தரும் அறிவுரையைப் பெண் ஒருவர் தனியாகக் கடைப்பிடிக்க முடியாது. அவர் ஓய்வெடுக்க வேண்டுமானால், துணி பிழியவும், மாவு பிசையவும், தேங்காய் துருவவும், தண்ணீர்க் குடம் தூக்கவும் வேறொரு கை வேண்டும். தையலையும் வீட்டு வேலையையும் பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு, அந்தச் சில வாரங்களின் வருமானத்துக்கும் முன்கூட்டியே வழி காண வேண்டும். இவற்றைப் பேசி முடிவு செய்யவே, மருத்துவரைக் காண வரும்போது வீட்டாரில் ஒருவரும் உடன் வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இன்றிரவு உங்கள் வீட்டில் யாரேனும் எழுந்து உட்கார்ந்து கையை உதறினால், எந்தெந்த விரல்கள் மரத்தன என்று கேளுங்கள். எத்தனை நாளாக என்றும் கேளுங்கள். அந்த விடைகளோடு எங்களிடம் வாருங்கள்.