பிரிந்த பிறகும் ஒரே காம்பரா

ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் பேச்சுவார்த்தை அற்றுப்போன கணவனும் மனைவியும் அதே லயக் காம்பராவில் காலம் தள்ளுவது புதிதல்ல. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. வேலையோடு ஒட்டிவந்த வீடு. தாய்வீட்டுக்குப் போகலாமே என்பார்கள். அதுவும் இன்னொரு லயம்தான், அங்கே அண்ணன் குடும்பம் நெருக்கிக்கொண்டு படுத்திருக்கும். இவர்களுக்குச் சட்டம் தரும் வழி குறுகலானது. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்கு மூன்றே காரணங்களை ஏற்கிறது: பிறர் உறவு, வன்மத்துடன் கைவிடல், மணம் முடிக்கும்போதே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. ஏழாண்டு பிரிந்திருந்தால் விவாகரத்துக் கேட்கலாம் என்று குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 608ஆம் பிரிவு சொல்வது ஆறுதலாகத் தெரியும். ஆனால் தென்னக்கோன் எதிர் சோமாவதி பெரேரா வழக்கில், அந்த ஏழாண்டு மட்டும் போதாது, ஒருவர்மீது குற்றமும் நிரூபிக்கப்பட வேண்டும் என்று 1986இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆக, இனி ஒத்துவராது என்று இருவரும் ஒருமனதாகச் சொன்னாலும் ஒருவர் மற்றவரைக் கூண்டில் ஏற்றியே தீரவேண்டும். மாலையில் இருவரும் திரும்புவதோ ஒரே அடுப்படிக்கு.

சட்டத்தை இளக்கினால் குடும்பங்கள் சிதறும் என்ற அச்சத்துக்கு நுவரெலியா மாவட்டத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. கண்டியச் சட்டப்படி மணந்த சிங்களத் தம்பதியர், 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், மாவட்டப் பதிவாளர் முன் பரஸ்பர சம்மதத்துடன் பிரியலாம். எழுபதாண்டுக்கு மேலாகியும் அதனால் கண்டியக் கிராமங்கள் குலைந்துவிடவில்லை. பக்கத்து லயத்துத் தமிழருக்கு மட்டும் அந்தக் கதவு ஏன் பூட்டியிருக்க வேண்டும்? ஒரே வீட்டில் இருப்பவர்களைப் பிரிந்தவர்களாக எப்படிக் கொள்வது என்ற கேள்வியும் புதிதல்ல. சூழ்நிலை காரணமாக ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாதவர்கள் பிரிந்து வாழ்பவர்களே என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1991இல் சொல்லிவிட்டது.

வீட்டு வன்முறைக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்பது நியாயமான ஆட்சேபம்தான். அடிப்பவரை வீட்டுக்குள் வரவிடாமல் நீதவானால் தடுக்க முடியும். ஆனால் அது அவசரத்துக்கான, காலவரையறையுள்ள பாதுகாப்பு. அடிதடி இல்லாமலே முறிந்துபோன மணவாழ்வுக்கு அது உதவாது. எனவே பிரிவுத் தீர்ப்போடு காம்பரா யாருக்கு என்பதையும் மாவட்ட நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும். வேலை யார் பெயரில் இருந்தாலும் தோட்ட நிர்வாகம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். வீடு கம்பனியுடையது என்ற வாதம் எடுபடாது. 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளிடம் இருந்தாலும் பெரும்பாலான நிலம் அரசுடையது, கம்பனிகள் குத்தகைக்காரர்களே. குத்தகையில் இந்த நிபந்தனையைச் சேர்க்கவும், தோட்டக் குடும்பங்களுக்கு வழங்கும் காணி உறுதிகளைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதவும் அரசுக்குத் தடையேதுமில்லை.