நம் ஊர்ச் செடிக்குப் போர்வை வேண்டாம்

மார்கழி பிறந்தால் எங்கள் மேற்குத் தாம்பரம் தெருவில் ஒரு காட்சியைப் பார்க்கிறேன். பொழுது சாய்வதற்குள் சில வீட்டு மாடிகளில் ரோஜாத் தொட்டிகளுக்குப் பழைய புடவையும் பிளாஸ்டிக் தாளும் போர்த்திவிடுகிறார்கள். கேட்டால், "பனி சார், செடி கருகிடும். யூடியூப்ல சொன்னாங்க" என்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரைக்காலில் படித்த பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வந்தது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பாடத்தில் ஒரு தோட்டக்காரர் குளிர்காலத்தில் ரோஜாச் செடிக்கு வைக்கோல் சுற்றுவார். அதை மனப்பாடமாக ஒப்பித்த எங்களில் ஒருவனும் உறைபனியைக் கண்டதில்லை. அடுத்தவர் ஊர்க் குளிர்காலத்தை நம்முடையதாக நினைத்துக்கொள்வது புதிய பழக்கம் இல்லை.

உறைபனியை நான் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகு, ஒரு ஜனவரியில், ஊட்டியில். காலையில் புல்வெளி உப்புக் கொட்டியதுபோல் வெளுத்திருந்தது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையின் சூடு வெளியேறிவிடுகிறது. இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து திசுக்களைக் கிழிக்கிறது. வெயில் ஏறியதும் இலை கருகுகிறது. தேயிலை கருகுவதும் இப்படித்தான். அங்குள்ள அரசு தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் செடிகளால் மூடி வைத்திருந்தார்கள். அங்கே போர்வை நியாயம்.

தாம்பரத்தில் தை மாத இரவில்கூட வெப்பம் பெரும்பாலும் 18, 20 டிகிரி இருக்கும். பிளாஸ்டிக் போர்த்தினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சைதான் பிடிக்கும். நம் செடிகளைக் கொல்லும் குளிர்காலம் மார்கழிக்கு முன்பே, ஐப்பசி கார்த்திகையில், மழையாகவும் புயலாகவும் வந்துவிடுகிறது.

இதைச் சொல்ல எனக்குள்ள தகுதி, நான் செய்த தவறு. 2014-ல் "சேறு படாமல் இருக்கட்டும்" என்று வீட்டைச் சுற்றி, வேப்ப மரத்தின் அடி வரை, சிமெண்ட் போட்டேன். மறு வருஷம் டிசம்பர் 2-ம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. தண்ணீர் மண்ணில் இறங்க வழியில்லாமல், செடிகளுக்கென்று விட்டிருந்த பாத்தியிலேயே தேங்கியது. வேருக்கும் மூச்சு வேண்டும். இரண்டு நாள் தண்ணீரில் நின்ற பப்பாளிகள் அழுகிச் சாய்ந்தன. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல். அந்த வேம்பு சிமெண்டைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. வேரைப் பார்த்தேன். பக்கவாட்டில் ஓடாமல், தொட்டியில் வளர்த்த செடியின் வேர்போலச் சுருண்டிருந்தது. புயல் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு கொல்லைப்புறச் சிமெண்டை உடைத்து எடுத்தேன். 2023-ல் மிக்ஜாம் புயல் மழையிலும் தண்ணீர் தேங்கியது. ஆனால் தெருவில் வடிந்ததும் கொல்லையிலும் வடிந்துவிட்டது. கறிவேப்பிலையும் செம்பருத்தியும் பிழைத்தன.

ஆகவே நான் சொல்வது இதுதான். புரட்டாசிக்குள் முருங்கையைக் கவாத்து செய்யுங்கள். அதன் கிளை காற்றுக்குத் தாங்காது. தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றி, அடித் துளை அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள். மரத்தைச் சுற்றி நான்கடியாவது மண் தெரியட்டும். புடவை பீரோவிலேயே இருக்கட்டும்.

போன மாதம் மகன் வந்தபோது, "பின்பக்கம் டைல்ஸ் போட்டுடலாம்பா, நீங்க வழுக்கி விழுந்துட்டா என்ன பண்றது?" என்றான். என் வயதுக்கு அது நியாயமான கவலைதான். நடக்க இரண்டடி அகலத்துக்குச் சொரசொரப்பான கல் பதித்துக்கொள், மீதி மண்ணாகவே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.