கடலைக் கூறு போட்டவர்கள் மலையை மறந்தது ஏன்?

இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் நாள்தோறும் வெளியிடும் வானிலை அறிக்கையை ஒருமுறை முழுமையாக வாசித்துப் பாருங்கள். கடற்பரப்புக்கான பகுதி துலக்கமாக இருக்கும். புத்தளத்திலிருந்து கொழும்பு ஊடாகக் காலி வரை ஒரு கூறு, மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் ஊடாக அம்பாந்தோட்டை வரை இன்னொரு கூறு என்று துறைமுகம் துறைமுகமாகப் பிரித்திருப்பார்கள். காற்று எத்திசையிலிருந்து வீசும், மணிக்கு எத்தனை கிலோமீற்றர் வேகம், எங்கே கடல் கொந்தளிக்கும் என்பதெல்லாம் அதில் உண்டு. மீனவன் படகைத் தள்ளுவதா வேண்டாமா என்று அதைக் கொண்டு முடிவெடுக்கலாம். நல்லது; அப்படித்தான் இருக்க வேண்டும்.

அதே அறிக்கை மலைக்கு வரும்போது "ஊவா மாகாணம்" என்ற இரண்டே சொற்களில் சுருங்கிவிடுகிறது. பிற்பகலில் சில இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்பதோடு விடயம் முடிந்தது.

ஊவா என்பது ஓர் ஊரா? பதுளை, மொனராகலை என இரு மாவட்டங்கள். ஏறத்தாழ 8,500 சதுர கிலோமீற்றர். 1,400 மீற்றருக்கு மேல் குளிரில் நடுங்கும் அப்புத்தளையும், தாழ்நிலத்தில் வெயிலில் வேகும் வெல்லவாயவும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கம். நடுவே 2,000 மீற்றரைத் தாண்டி நிற்கிறது நமுனுகுல மலை. அதன் ஒருபுறம் பதுளை, மறுபுறம் பசறை. பதுளையில் வெயில் காய்கையில் பசறையில் கொட்டித் தீர்ப்பதும், பசறை காய்ந்திருக்க மடுல்சீமையில் ஓடை பெருகுவதும் அங்கே பிறந்தவர் எவருக்கும் புதினமல்ல.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்து இதை வாசிப்போருக்கு மார்ச், ஏப்ரல் மாதங்கள் வசந்தம். பசறைக்கு அது இடிக்காலம். வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேல் பருவக்காற்று தொடங்குமுன் வரும் இந்த முதலாம் இடைப்பருவத்தில் பெருங்காற்று எதுவும் ஆட்சி செய்வதில்லை. காலையில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடேறி, பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலெழும். கடற்காற்றும் உள்ளே வந்து சேரும். நண்பகல் கழிந்ததும் முகில் திரண்டு, ஒரு மணி நேரத்துக்குள் இடியும் மின்னலும் மழையும். பின்னர் மே தொடங்கிச் செப்டெம்பர் வரை நிலைமை தலைகீழ். மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு வரும் காற்று ஊவாவில் வறண்டு வீசும். கிழக்குக் கரையோர மக்கள் அதைக் கச்சான் என்பர். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தருவதும் அந்த வறட்காற்றுத்தான்.

ஆக, ஏப்ரல் மாதத்துப் பிற்பகல் என்பது தேயிலை மலையில் நிற்கும் பெண்ணுக்கு உயிர்ப்பிரச்சினை. மின்னல் வெட்டும்போது திறந்த சரிவில் நிற்பதும் ஆபத்து, நிழல்மரத்தின் கீழ் ஒதுங்குவதும் ஆபத்து. ஆனால் கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். இடி முழங்கியதும் மலையை விட்டு இறங்கினால் அன்றைய நாட்சம்பளம் என்னாகும் என்று எந்தத் தோட்ட நிருவாகமாவது எழுதி ஒட்டியிருக்கிறதா? காலையில் பெரட்டுக் களத்தில் எந்த மலை, எத்தனை கிலோ என்று அறிவிக்க நேரம் இருக்கிறது. இரண்டு வரி வானிலையைத் தமிழில் வாசிக்க மட்டும் நேரம் இல்லையாம்.

பருவகால முன்னறிவிப்புகளின் மொழி இன்னும் விசேடம். மழை "இயல்பாகவோ இயல்பிலும் சற்றுக் கூடுதலாகவோ" இருக்கும் என்பார்கள். எந்தத் தோட்டத்தின் மேல் எந்த நாளில் முகில் வெடிக்கும் என்று மூன்று மாதங்களுக்கு முன் எந்த விஞ்ஞானியாலும் கூற முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது சோதிடமல்ல. அன்றன்று பெய்யும் மழையை அளந்து அன்றன்றே சொல்லும் ஏற்பாட்டைத்தான் கேட்கிறேன். மண்சரிவு எச்சரிக்கைக்கு அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்திருக்கிறது. லயத்தில் படுத்திருப்பவருக்கு அந்த 75ஐ யார் அளந்து சொல்வது?

எச்சரித்தோம் என்பது போதிய பதில் ஆகாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதையுண்டன. அங்கே 2005இலும் 2011இலும் அபாயம் சுட்டிக்காட்டப்பட்டிருந்தது என்று அதிகாரிகள் உடனே கூறினர். உண்மையாகவே இருக்கட்டும். காணியும் வீடும் தம்முடையதல்லாத மக்கள் எங்கே போயிருக்க வேண்டும் என்பதை மட்டும் அவர்கள் கூறவில்லை. பல தலைமுறை கடந்தும் லயத்துக்கு உறுதி இல்லை; போகச் சொல்லும் கடிதத்தில் போகுமிடம் இல்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, நுவரெலியா மாவட்டங்களோடு பதுளையும் மண்சரிவில் சிதைந்தது. எச்சரிக்கைகள் பல உரிய நேரத்தில் தமிழில் வரவில்லை என்ற முறைப்பாடு அப்போது பரவலாக எழுந்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஏறத்தாழ நான்கு தசாப்தங்களுக்குப் பின்னரும், மலை சரியும் இரவில் மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டியிருக்கிறது.

அந்தச் சூறாவளியில் பிளவுண்ட சரிவுகளின் மேல்தான் இனிவரும் இடைப்பருவ மழைகளும் பெய்யப்போகின்றன. முன்பு தாங்கிய மழையை இப்போது தாங்கும் என்று எண்ணுவதற்கில்லை. பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் ஊற்றெடுக்கும் கல்லோயா கல்முனைக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. கரைக்கடலுக்குத் தனி அறிக்கை கொடுப்பவர்கள் அந்த ஆறு பிறக்கும் மலைக்கும் ஒன்று கொடுக்கட்டும். ஊவாவை மேற்சரிவு, கீழ்ச்சரிவு, தாழ்நிலம் என்று மூன்றாகவேனும் பிரிக்கட்டும். தோட்டத்துக்கொரு மழைமானி வைப்பதும், அதை வாசிக்க லயத்து இளைஞர் ஒருவருக்குப் பயிற்சியும் சிறு கொடுப்பனவும் தருவதும் பெருந்தோட்டக் கம்பனிகளை நொடித்துப் போகச் செய்துவிடாது.

சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் பதுளை வந்து, பசறை, லுணுகலை பஸ்களில் ஏறுவதும் இதே பிற்பகல் வேளைகளில்தான். அந்த வீதியில் எந்த வளைவில் மண் இறங்கும் என்பது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குத் தெரியும். பதுளை பஸ் தரிப்பிடத்தில் அதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பலகையில் எழுதி வைக்க எவருடைய அனுமதி தேவை என்று பதுளை மாவட்டச் செயலகம் அறிவிக்கட்டும்.