பதிவேட்டில் எழுதிய மஹர்

போன மாதம் திருவிதாங்கோட்டில் நண்பர் மகளுக்கு நிக்காஹ். மஹர் எவ்வளவு என்று சபையில் சொல்லி, பதிவேட்டில் எழுதி, மாப்பிள்ளையிடம் கையெழுத்து வாங்கினார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் பதிவேடு எழுதியவன் நான். அதனால் அந்த வரியில் கண் நின்றுவிட்டது.

பந்தி முடிந்து நண்பரின் தாயாரிடம் விடைபெறப் போனேன். மஹர் பற்றிப் பேச்சு வந்தது. அந்த அம்மா சிரித்தபடியே சொன்னார்: "எனக்கு எழுதின மஹரு இன்னும் கைக்கு வரல்ல தம்பி. அவங்க மவுத்தாயி இருபது வருசமாச்சு."

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். நெப்போலியனின் 1804-ஆம் ஆண்டுச் சட்டம், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதி வைத்திருந்தது. கணவன் சம்மதமின்றி மணமான பெண் வங்கிக் கணக்கு தொடங்க 1965-ல்தான் அங்கே சட்டம் வந்தது. அப்போது நான் பள்ளி மாணவன்.

இஸ்லாமியச் சட்ட அறிஞர்களோ ஆயிரம் ஆண்டுக்கு முன்பே, மனைவியின் சொத்து அவளுக்கே என்றார்கள். மஹர் அவளுடையது; தகப்பனாருக்கும் அதில் பங்கில்லை. பாக்கி வைத்தால் அது கடன். கணவன் இறந்தால், வாரிசுகள் பாகம் பிரிக்குமுன் அதைத் தீர்க்க வேண்டும்.

எல்லாமே பெண்ணுக்குச் சாதகம் என்று சொல்லமாட்டேன். தலாக் ஆணின் கையில் இருந்தது. கணவன் செலவுக்குக் கொடுக்காவிட்டாலும் ஹனஃபி சட்டத்தில் மனைவி விலக வழியில்லை. மாலிக்கி அறிஞர்கள் காஜியிடம் போகலாம் என்றார்கள். அந்தப் பழைய கருத்தைக் கொண்டுதான் நம் நாட்டில் 1939-ல் முஸ்லிம் பெண்களுக்கான மணவிலக்குச் சட்டம் வந்தது.

ஆக, நூலில் உரிமை இருக்கிறது. கைக்குத்தான் வரவில்லை. திருவிதாங்கோட்டுப் பந்தியிலும் பெண்ணோடு போகும் பவுன் எத்தனை என்று காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். அது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. நம் குமரி மாவட்டத்தில் இந்து, கிறிஸ்தவர் வீடுகளிலும் இதே கதைதான். அவன் கொடுக்க வேண்டியது ஏட்டோடு நிற்கிறது. அவள் கொண்டு போவது ஏட்டுக்கே வருவதில்லை.

1985-ல் வந்த வரதட்சணைத் தடை விதிகள், கல்யாண அன்பளிப்புகளுக்குப் பட்டியல் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடச் சொல்கின்றன. எத்தனை வீட்டில் எழுதுகிறோம்?

மஹரை அன்றைக்கே பெண்ணின் கையில் கொடுங்கள். நகைப் பட்டியலை எழுதி அவளிடமே கொடுங்கள். ஒரு பழைய குமாஸ்தா சொல்வது இவ்வளவுதான்.